டேங்க் விட்ட பெருமூச்சு

திருப்பாதிரிப்புலியூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நவ்ஷாத், காயலான் கடையிலிருந்து ஒரு பழைய காரை வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே அக்கு அக்காகக் கழற்றி, மறுபடி பூட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தான்.

ஒரே ஒரு வியாதிதான் பாக்கி. வாசலில் நின்றபடி நன்றாக உறுமும். ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் இருமி, குலுங்கி, நின்றுவிடும். பெட்ரோல் இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. பம்பை மாற்றினான். ஃபில்டரை மாற்றினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவனே தீர்ப்புச் சொல்லி, சிதம்பரத்தில் நடக்கும் நிக்காஹுக்குக் காரிலேயே கிளம்பினான்.

“நான் பஸ்ல போயிர்றேன் மாப்ள” என்றார் மாமியார் சைதுன் பீவி.

“ஒங்களுக்குன்னே பின்சீட்டுக்குப் புது குஷன் போட்டிருக்கேன் மாமி.”

ஆலப்பாக்கம் தாண்டியதும் கார் நின்றது. நவ்ஷாத் பானெட்டைத் திறந்து ஃபில்டரைக் கழற்றி ஊதினான். பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியையும் ஒருமுறை திறந்து பார்த்தான். சாவி போட்டுப் பூட்டும் பளபளப்பான புது மூடி அது. கார் கிளம்பியது.

“தூசி” என்றான் கம்பீரமாக.

புதுச்சத்திரத்தில் மறுபடி நின்றது. மறுபடி ஊதினான், மூடியைத் திறந்து பார்த்தான். சைதுன் பீவி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“மாமி, கொஞ்சம் சும்மா இருங்க.”

பரங்கிப்பேட்டை ரோடு பிரிவதற்குள் மூன்றாம் முறை. நல்ல சட்டையெல்லாம் கரி. மனைவி மெஹ்ரீன் தாண்டிப் போகும் சிதம்பரம் பஸ்களையெல்லாம் ஏக்கத்தோடு பார்த்தாள். அவன் பானெட் பக்கம் போகும்போது சைதுன் பீவி கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

“மாப்ள, முன்னாடி நீங்க ஊதுறதெல்லாம் தெண்டம். பின்னாடி அந்த மூடியத் தொறந்தா உஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு வருது. அதுக்கப்புறந்தான் வண்டி கெளம்புது. இப்ப அத மட்டும் தொறங்க.”

திறந்தான். உஸ்ஸ்ஸ்.

“கேட்டுச்சா?”

கேட்டது. நவ்ஷாத்துக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே காற்று நுழைய வேண்டும். பழைய மூடியில் அதற்கென்று பொடி ஓட்டை இருந்தது. அசிங்கமாக இருக்கிறதென்று தூக்கிப் போட்டுவிட்டு, காற்றே புகாத மூடியை வாங்கி மாட்டியது அவன்தான்.

“இத ஏன் மாமி முன்னாடியே சொல்லல?”

“நீங்க பேச உட்டீங்களா?”

மெஹ்ரீன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

பி.முட்லூரில் ஒரு சைக்கிள் கடையில் மூடியை மட்டும் கொடுத்து, நடுவில் ஊசிமுனை அளவு துளை போட்டு வாங்கினான். வெள்ளாற்றுப் பாலத்தைக் கார் ஒரு இருமல்கூட இல்லாமல் கடந்தது. நவ்ஷாத் தன்னை மறந்து ஹாரன் அடித்தான்.

நிக்காஹ் முடிந்து பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவன் கைகழுவிவிட்டு வருவதற்குள் செய்தி பந்தலெங்கும் பரவியிருந்தது. சைதுன் பீவி அமர வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது.

“ஒங்கம்மா எங்க?” என்றான்.

மெஹ்ரீன் வாசலைக் காட்டினாள். கல்யாண மாப்பிள்ளையின் பெரியப்பா ரஃபியுதீன் தன் காரில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார். சைதுன் பீவி பானெட்டின்மேல் காதை வைத்து, கண்ணை மூடியிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா மிதிங்க” என்றார்.