கருணை மதிப்பெண் மூன்று

கல்லூரி அறிவிப்புப் பலகையில் தன் பெயருக்கு நேரே நாற்பத்தேழு என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் ஒலினா வால்மண்டுக்குக் கண் கலங்கவில்லை, காது சூடேறியது. நடைமுறைக் கணிதத்தில் எழுபத்திரண்டு. முதலுதவியில் தொண்ணூற்றொன்று. கரீபிய நடனத்தில் நாற்பத்தேழு. ஐம்பது எடுத்தால்தான் தேர்ச்சி.

பதினோரு வருடமாக ரோசோ நகரில் ஒரு மழலையர் பள்ளியில் அடுத்தவர் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், தற்காலிகமாக. இந்த மூன்று பாடத்துக்கும் சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு ஆள். கணிதத்துக்குப் பயந்து பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பின்னக் கணக்குப் போட்டாள். முதலுதவிக்காக அக்கம்பக்கத்தில் நன்றாக இருந்த கை கால்களையெல்லாம் கட்டிப் பழகினாள். நடனத்துக்கு மட்டும் எதுவுமே செய்யவில்லை. ஐந்து வயதிலிருந்து ஊர்த் திருவிழாவில் மேளத்தோடு பெலே நடனம் ஆடுகிறவள் எதற்குப் பயப்பட வேண்டும்?

டாக்டர் கத்பர்ட் ப்ரெவோவுக்குத்தான் பயந்திருக்க வேண்டும். டொராண்டோவில் பதினான்கு வருடம் இருந்து, பெலேயைப் பற்றி நானூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கி வந்தவர். அந்த நானூறில் அவர் ஆடிப் பார்த்து எழுதிய பக்கம் ஒன்றுகூட இல்லை. மண்ணை மறக்காதவர் என்று தெரிவதற்காக, அந்த ஊர்ப் பாரம்பரிய உடைக்கே உரிய மதராஸ் கட்டம் போட்ட துண்டைக் கழுத்தில் சுற்றியிருப்பார். மேளக்காரர்கள் நேரத்துக்கு வருவதில்லை என்று சொல்லி, கறுப்பு ஒலிப்பெட்டி ஒன்றில் பதிவுசெய்த மேளத்தைப் போட்டுத் தேர்வு நடத்தினார்.

தேர்வன்று ஒலினா வழக்கம்போலப் பாவாடையை இரு கையாலும் விரித்து, பெட்டியின் முன்னால் போய்க் குனிந்து, மேளம் பதில் சொல்லட்டும் என்று காலால் ஒரு கேள்வி கேட்டாள். பெட்டி அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டே போனது. மறுபடி கேட்டாள். சுவரோடு பேசியதுபோல இருந்தது. இப்போது மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தது: ‘மாணவி மேளத்தைப் பின்பற்றவில்லை.’

வாசலில் வந்து நின்ற முதல் பஸ் அவளுடைய சித்தி மகன் ஜோசபட்டுடையது. ஊருக்கு மேளக்காரனும் அவன்தான்.

“மேளத்தைப் பின்பற்றணுமாம்டா! மேளம்தான்டா என் காலைப் பின்பற்றணும்!”

“பெட்டிக்குக் கண்ணே கெடையாதேக்கா, உன் காலை எங்க பாக்கும்?” என்று வண்டியை அணைத்தான் ஜோசபட். “இரு, வர்றேன். மேளம் பின் சீட்டுக்கு அடியிலதான் கெடக்கு.”

“எங்களைச் சந்தையில எறக்கிட்டு உன் நியாயத்தைப் பேசேன்டா,” என்றாள் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரி அகதா.

“அஞ்சே நிமிசம் அத்தே.”

“உன் அஞ்சு நிமிசம் எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் இறங்கியவளும் அவள்தான்.

கல்லூரி முதல்வர் மிஸஸ் ஹில்ட்ரெத் ரோயே சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியில் கை வைத்திருந்தார். “மேல்முறையீட்டுக்கு நாற்பது நாள் ஆகும்மா.”

“வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் மேடம் இருக்கு. அவரைக் கூப்பிடுங்க.”

டாக்டர் வந்தார். “பெலேங்கிறது உடலுக்கும் மேளத்துக்கும் நடக்கிற உரையாடல். என் ஆய்வுல மூன்றாம் அத்தியாயம்.”

“உரையாடல்னா ஒருத்தர் பேசுறதை இன்னொருத்தர் கேக்கணும் சார். உங்க பெட்டி பேசிக்கிட்டே இருக்கு, கேக்கவே மாட்டேங்குது. வாங்கிட்டு வந்தவர் மாதிரியே இருக்கு.”

சன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பஸ்ஸில் இருந்த ஒன்பது பேரும் அங்கே மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு மார்க் போட்டீங்கல்ல? நீங்க ஆடிக் காட்டுங்க.”

ஒன்பது மூக்கையும் முதல்வரையும் பார்த்த டாக்டரால் மறுக்க முடியவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். கைகளை அழகாக உயர்த்தினார். ஜோசபட் மேளத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அவருடைய பளபளக்கும் காலணியையே பார்த்தான்.

“ஐந்து, ஆறு, ஏழு, எட்டு!” என்றார் டாக்டர்.

ஒன்றும் நடக்கவில்லை.

“ஏன் அடிக்கல?”

“நீங்க ஏன் ஆடல?”

“மேளம் வந்தாத்தானே ஆட முடியும்!”

“கால் சொன்னாத்தானே சார் மேளம் வரும்.”

டாக்டர் மேளத்துக்காக நின்றார். மேளம் டாக்டருக்காக நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றியது.

“ரெண்டு பேரும் இப்பிடியே நின்னீங்கன்னா என் மீன் நாறிடும்!” என்று கத்தினாள் அகதா.

ஆத்திரம் தாங்காமல் டாக்டர் காலை ஓங்கி மிதித்தார். அந்த நொடியே மேளம் படாரென்று பதில் சொன்னது. நானூறு பக்கம் எழுதியும் அந்தப் பதிலை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. திடுக்கிட்டுத் துள்ளினார், காலணி வழுக்கியது, கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். ஒலினா டாக்டரின் காலணியைக் கழற்றி, பாதத்தைத் தன் முழங்கால்மேல் வைத்து, அவர் கழுத்திலிருந்த மதராஸ் துண்டையே உருவிக் கணுக்காலில் சுற்றினாள். சுற்றுக்கு ஒரு எண்ணாக வாய்விட்டு எண்ணினாள்.

“அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு.”

“மெதுவா...” என்று முனகினார் டாக்டர்.

“தொண்ணூத்தொண்ணு வாங்கின கை சார் இது. ஆடாம இருங்க. அது உங்களுக்கு நல்லாவே வரும்.”

முதல்வர் அவசரமாக ஒரு படிவத்தை எடுத்தார். “சரிம்மா, பிரச்சினை வேண்டாம். கருணை அடிப்படையில மூணு மார்க் சேர்த்துத் தர்றேன். கையெழுத்துப் போடு.”

கருணை! ஒலினாவுக்குக் காது மறுபடி சூடேறியது. படிவத்தில் ஒரே வரி: ‘தாளம் தவறியது மாணவியே என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது.’ கிழித்து எறியலாம். எறிந்தால் வெள்ளிக்கிழமை வேறு ஆள் வந்து பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பாள். ஒலினா பேனாவை எடுத்தாள். ‘மாணவியே’ என்பதைக் காகிதம் கிழிகிற மாதிரி அடித்துவிட்டு, மேலே ‘கல்லூரியின் ஒலிப்பெட்டியே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். முதல்வர் முத்திரை குத்தினார். படித்துப் பார்த்துக் குத்துகிற வழக்கம் அந்தக் கல்லூரியில் இல்லை.

பஸ் புறப்பட்டது. அகதா கூடையை மடியில் ஏற்றிக்கொண்டு ஒலினாவைத் திரும்பிப் பார்த்தாள். “அதான் தேறிட்டியே, இன்னும் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?”

“ஐம்பது அத்தே! பெலேயில, எனக்கு, ஐம்பது!”

ஒலினா பஸ்ஸின் தரையை ஓங்கி மிதித்தாள். முன்னால் ஜோசபட் ஹாரனை இரண்டு தட்டுத் தட்டினான். அவள் மறுபடியும் மிதித்தாள்.