பதினான்காவது கட்டம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த ஒரு சண்டையிலிருந்து எடுத்துக்கொண்டது. சண்டை போட்டவர்கள் என் தங்கையின் பிள்ளைகள், அக்காவும் தம்பியும். இருவருக்கும் ஒரே டேட்டா சென்டரில் வேலை. அக்கா பகல் ஷிஃப்டின் பொறுப்பாளர், தம்பி ஜெனரேட்டர் மெக்கானிக்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "'கிளவுட்' என்கிற மேகத்தில் இருப்பதாக நாம் நம்புகிற எல்லாமே உண்மையில் ஒரு—"

அழித்துவிட்டேன். படித்துக் காட்டியபோது தம்பி சிரித்தான். "மேகமும் இல்ல, மண்ணும் இல்ல, பெரியம்மா. ஜன்னலே இல்லாத பெரிய ஷெட்டு. உள்ள பீரோ பீரோவா மெஷின். குளிரு, இரைச்சல். அவ்ளோதான்."

சரி, அவன் சொன்னதே ஆரம்பமாக இருக்கட்டும்.*

(*நீங்கள் போனில் சேர்த்து வைக்கிற படங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு, நான் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதும் இந்தக் கதை, எல்லாம் அப்படியொரு ஷெட்டில்தான் குடியிருக்கின்றன.)

2.

கரண்ட் போனால் பேட்டரிகள் எட்டு நிமிஷம் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டர் தானாக எழுந்துகொள்ள வேண்டும். எழுகிறதா என்று தம்பி மாதாமாதம் ஓட்டிப் பார்ப்பான். அப்போது ஒரு சுவிட்சை 'மேனுவல்' பக்கம் திருப்புவான். வேலை முடிந்ததும் அதை 'ஆட்டோ'வுக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால், யாராவது வந்து கிளப்பும்வரை ஜெனரேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கும். படிவத்தில் பதினான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம் அந்த சுவிட்ச்.

இந்த இடத்தில் தம்பியைக் கவனமில்லாதவனாக எழுதப் பார்த்தேன். விரல் ஓடவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் அவன்.

நடந்தது வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் கொடுத்த படிவமெல்லாம் எண்ணெய்க் கறை. எல்லோர் முன்னாலும் அக்கா கேட்டாளாம்: "இது படிவமாடா, கை துடைக்கிற துணியா?" அன்றிலிருந்து அவன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். கை சுத்தமாக இருக்கும்போதே பதினான்கு கட்டங்களிலும் டிக் அடித்துவிடுவான். அப்புறம்தான் மெஷினைத் தொடுவான். ஆறு வருஷமாகப் படிவங்கள் பளிச்சென்று இருந்தன. 'இப்படி இருக்கணும்' என்று அக்கா மற்றவர்களிடம் எடுத்துக் காட்டுவாள்.

போன மாதம் பதின்மூன்றாவது வேலை முடிந்த நேரம், குளிரூட்டும் மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். ஓடினான். திரும்பி வந்து படிவத்தைப் பார்த்தான். பதினான்கிலும் டிக். முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான்.

3.

செவ்வாய்க்கிழமை, நடுமத்தியானம். கரண்ட் போனது. ஜெனரேட்டர் எழவில்லை. தம்பி கட்டடத்தின் மறுகோடியில் இருந்தான். ஓடி வந்து சுவிட்சைத் திருப்பும்போது ஏழாவது நிமிஷம். ஆனால் ஒரு வரிசைக்குப் பழைய பேட்டரி. மாற்றித் தரச் சொல்லி அக்கா மூன்று தடவை எழுதிக் கேட்டிருந்தாள். அது ஐந்தாவது நிமிஷத்திலேயே படுத்துவிட்டது. நாற்பது சர்வர்கள் அணைந்தன. ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மணி நேரம் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

(இந்தக் கடைசி வாக்கியத்துக்கு வந்து சேர்வதற்குள் எனக்கே மூச்சு வாங்கிவிட்டது.)

4.

அறிக்கை எழுத வேண்டியவள் அக்கா. மறுநாள் காலையில் அது மேலிடத்துக்குப் போக வேண்டும். தாள் என் மேசையில் கிடந்தது. 'காரணம்' என்று ஒரு கட்டம், அதில் இரண்டு வரிக்கு இடம். தம்பி கைகூடக் கழுவாமல் நேரே வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தான்.

"என் பேரைப் போட்டுடு. திருப்பாதது நான்தானே."

"போட்டா வேலை போயிடும்டா."

"அப்ப சுவிட்ச் ரிப்பேர்னு போடு."

"போட்டா புது சுவிட்ச் வரும். நீ மறுபடி முதல்லயே டிக் அடிச்சுட்டு நிப்ப."

"கறை படக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

அக்கா, "அதையும் போட்டா ரெண்டு பேருமே வீட்டுல உக்கார வேண்டியதுதான்" என்றாள்.

"உக்காரலாம். பெரியம்மா சோறு போடுவாங்க."

"போடுறேன்டா. பாத்திரம் கழுவறது யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றேன்.

5.

முடிவு எழுதிப் பார்க்காமல் இல்லை. ஒன்றில் தம்பி வேறு வேலை தேடி அலைகிறான். மனசு கேட்கவில்லை, அழித்தேன். இன்னொன்றில் பழி சுவிட்சின் மேல் விழுகிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள், அடுத்த தடவை கரண்ட் போகும்வரை. வேறொன்றில் அக்கா, 'சுத்தமான தாள் கேட்டது நான்' என்று—

"பெரியம்மா, உங்க கதையில நான் என்ன எழுதறேன்?" என்று அவளே கேட்டாள்.

"நீ எழுதாம நான் எப்படிம்மா எழுதறது?"

தம்பி தாளை அவள் பக்கம் நகர்த்தினான். 'காரணம்' கட்டத்தின் ஓரத்தில் அவன் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்துவிட்டது. பதறிப்போய் சட்டை நுனியால் துடைக்கப் போனான்.

"விடுடா" என்றாள் அக்கா.

அவள் பையில் வேறு தாள்கள் இருந்தன. எடுக்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது, நீங்கள் எழுதுங்கள், கண்ணுகளா. கையைத் துடைத்துக்கொள்ள வேண்டாம்.