பேர் எழுதிய முடி

சலூன்காரர் நல்லவர்தான். அந்த நல்ல மனசுதான் காரியத்தைக் கெடுத்தது. ஊர்க்காரர்கள் உடம்பில் ஆர்சனிக் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா முடி கேட்டிருந்தார். யார் முடி என்று தெரிந்தால் சுரங்கத்தில் அவர்கள் வேலை போய்விடுமே என்று பயந்து, இவர் கடையில் விழுந்ததையெல்லாம் கூட்டி அள்ளி ஒரே சாக்கில் கட்டி அனுப்பிவிட்டார். சாக்கு திரும்பி வந்தது. எந்த முடி எந்தத் தலையுடையது என்று தெரியாமல் எதைச் சொல்வது? ஒவ்வொருவர் பிடரியிலும் ஒட்ட வெட்டி, தனித்தனி உறையில் போட்டு, பேர் எழுதித் தரவேண்டும். அப்படிக் கொடுத்தால்தான் வழக்குப் போட்டு, சுரங்கம் கழிவைக் கடலில் கொட்டுவதை நிறுத்த முடியும் என்றார் டாக்டரம்மா. கடலுக்குச் சலூன் குப்பைதான் சாட்சியாம் என்று சுரங்கத்து ஆட்கள் டீக்கடை வரை சொல்லிச் சிரித்தார்கள்.

சலூன்காரர் மனைவிக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. அவள் கடலோரத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கி உடைத்து விற்பவள். சுரங்கக் கழிவைக் கடலில் கொட்டும் குழாய்க்குப் பக்கத்துத் திட்டுதான் அவளுக்குப் பிழைப்பு. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. கத்தி பிடித்துப் பிடித்து வந்தது என்று சுரங்க ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பாதத்திலும் இருக்கிறதே, நான் என்ன காலாலா கத்தி பிடிக்கிறேன் என்று கேட்டதற்கு ஒரு களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். ஆர்சனிக் ஏறினால் கையிலும் காலிலும் இப்படிக் காய்க்கும் என்று டாக்டரம்மாதான் சொன்னார். அந்த மட்டியைத்தான் மகளுக்கும் ஊட்டி வளர்த்திருந்தாள்.

ஒருநாள் முற்பகலில், மட்டிக் கொட்டகையில் கூட வேலை செய்யும் பெண்களையும் இழுத்துக்கொண்டு சலூனுக்குள் நுழைந்தாள். பெண்கள் கால் வைக்காத கடை. உள்ளே சுரங்கத்துக் குழாய் சூப்பர்வைசர் பாதித் தலை வெட்டிய நிலையில், கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"பிடரியில ஒட்ட வெட்டுங்க. உறையில என் பேரைப் பெரிசா எழுதுங்க."

சலூன்காரர் திருதிருவென்று விழித்தார். சூப்பர்வைசர் கண்ணாடியைப் பார்த்தபடியே, கடை இருப்பது சுரங்கத்து இடம், தான் ஒரு வார்த்தை சொன்னால் பூட்டு விழும் என்று நிதானமாகச் சொன்னார்.

"பூட்டிக்குங்க அண்ணே," என்றாள் அவள். "தெருவுல நாற்காலி போட்டு வெட்டுவாரு. கூட நாலு பேரு பார்ப்பாங்க."

சலூன்காரர் அவரது பாதித் தலையை அப்படியே விட்டுவிட்டு மனைவியின் நாற்காலிக்கு வந்தார். அவள் முடியை வெட்டி உறையில் போட்டுப் பேரை எழுதினார். அடுத்தவள் உட்கார்ந்தாள். அதற்கடுத்தவளும் உட்கார்ந்தாள். பாதித் தலையோடு தெருவில் இறங்க முடியுமா? சூப்பர்வைசர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ கடைசிப் பெண் வெளியே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுல என் சின்னப் பொண்ணுக்கும் உள்ளங்கை இப்படித்தான் இருக்கு. உன்கிட்ட வாங்கின மட்டிதான். அவ முடியைக் கமுக்கமாக் குடுத்தனுப்பினா பார்ப்பாங்களா?"

அவளுக்கு இரக்கமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இத்தனை நாள் எல்லாம் தெரிந்துகொண்டேதான் இந்த ஆள் குழாய்க்குக் காவல் நின்றிருக்கிறார்.

"கமுக்கமா எல்லாம் வேணாம். பட்டப்பகல்ல நீங்களே கூட்டிட்டு வாங்க, நான் மடியில வெச்சு வெட்ட வைக்கிறேன். ஆனா முதல்ல உங்க முடி, அண்ணே."

அவர் வாசலைப் பார்த்தார். எதிர் டீக்கடையில் அவருடைய ஆட்களே நின்றிருந்தார்கள். பிறகு தலை குனிந்து பிடரியைக் காட்டினார். சலூன்காரர் வெட்டினார். உறையில் பேரை எழுதிவிட்டு ஒட்டப் போனார்.

"இருங்க," என்றாள் மனைவி. "பேருக்குப் பக்கத்துல குழாய் சூப்பர்வைசர்னும் எழுதுங்க."