பாதிப் பந்தியில்

கப்பல் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, சாப்பாட்டு நேரத்தில் அது தஞ்சாவூர்க் கல்யாண மண்டபம்தான். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதிலேயே பாதிப் பேருக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.

எங்களை அழைத்துப் போனவர் என் அக்காவின் கணவர், கல்யாணம் அத்திம்பேர். தஞ்சாவூரிலிருந்து இரண்டு வேன் நிறையச் சொந்தமும் சிநேகமுமாகத் திரட்டி, சென்னையில் கப்பலேற்றி, இலங்கைக் கரையைத் தொட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. நான் கடலைப் பார்க்க வரவில்லை. என் சிநேகிதி ஆரோக்கியத்தோடு உட்கார்ந்து சாப்பிட வந்தேன்.

சிரிக்காதீர்கள். ஒரத்தநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர், நான் தமிழ். ஓய்வு பெறும்வரை ஒரே மேஜையில்தான் மதியச் சாப்பாடு. அவள் டப்பாவில் மீன் குழம்பு, என் டப்பாவில் தயிர் சாதம், நடுவில் நான் போட்ட வடுமாங்காய். மீன் குழம்புக்கு வடுமாங்காய் கடித்துக்கொள்ளும் ஜீவன் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். அடுத்த மாதம் கனடாவுக்கு, மகள் பிரின்ஸி வீட்டோடு போய்விடுகிறாள். திரும்பி வரும் உத்தேசம் இல்லை. இந்தக் கப்பல் சாப்பாடுதான் எங்களுக்குக் கடைசி.

முதல் நாளே அத்திம்பேர் அதில் மண்ணைப் போட்டார். கூடத்தில் மேஜைக்கு எண், நாற்காலிக்குப் பெயர்ச்சீட்டு; எல்லா வேளையும் அதே இடம். கப்பல்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி எங்களுக்கென்று தனியாக ஒரு சைவ மேஜை வாங்கியிருந்தார். ஆரோக்கியத்துக்கு, எங்களோடு வேனில் வந்த ஹபீப் முகம்மது குடும்பத்தோடு கூடத்தின் அந்தக் கோடியில் இடம்.

"அவளை இங்க போடுங்கோ. இல்லேன்னா என்னை அங்க போடுங்கோ" என்றேன்.

"ஏன் விஜயம், மூணு நாள்தானே? மத்த நேரமெல்லாம் அவளோடதானே சுத்தறே? சாப்பிடறப்போவாவது நம்மவாளோட நிம்மதியா ஒக்காரு."

மறுநாளும் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கப்பல் சமையல் ஒருவருக்கும் இறங்கவில்லை. மேஜை மொத்தமும் நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த அகலவாய் வடுமாங்காய் பாட்டிலை நம்பித்தான் தயிர் சாதத்தை உள்ளே தள்ளியது. சுத்தமான ஸ்பூனால், பயபக்தியோடு, ஆளுக்கு ஒன்று.

கடைசி இரவு. பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கோடியிலிருந்து ஆரோக்கியம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினாள். ஸ்டாஃப் ரூமில் 'ஒண்ணு குடு' என்பதற்கு அவள் செய்யும் சைகை. காட்டிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உடனேயே ஆத்திரமும் வந்தது.

அத்திம்பேர் பாட்டிலுக்குக் கை நீட்டினார். "என்னதான் சொல்லு, நம்மவாளோட சேர்ந்து சாப்பிடற சுகம் வருமா?"

நான் எழுந்துவிட்டேன். இடது கையில் தட்டு, கக்கத்தில் பாட்டில்.

"எச்சில் தட்டோட எங்க கெளம்பிட்டே? பாதிப் பந்தில எழுந்தா கூட ஒக்காந்திருக்கறவாளுக்கு அவமானம், தெரியாதா நோக்கு?"

"தெரியும் அத்திம்பேர். அதுக்குத்தான் எழுந்திருக்கேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பில் என்றுதான் நினைக்கிறேன்.

பரிமாறும் பையன் ஓடி வந்து என் நாற்காலி அங்கே இருப்பதாக ஆங்கிலத்தில் விளக்கினான். "நாற்காலிதான் அங்கே, நான் இங்கே" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தேன். ஹபீப் முகம்மது தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க டீச்சர், ஒக்காருங்க" என்றார்.

"ஏண்டி, பைத்தியமா உனக்கு? எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் ஆரோக்கியம். அவள் தட்டில் பெரிய மீன் துண்டு.

"பாக்கட்டும்."

பாட்டிலைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் ஸ்பூனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அத்திம்பேர் பின்னாலேயே வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"சரி, நீ இங்கேயே சாப்பிடு. பாட்டிலையாவது குடு. எல்லாரும் தயிர் சாதத்தைப் பிசைஞ்சுண்டு ஒக்காந்திருக்கா."

நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். "ஸ்பூன் வேண்டாம். கையை விட்டு எடு."

"மீன் கைடி."

"அதான் சொல்றேன். விடு."

அவள் என்னைப் பார்த்தாள், அத்திம்பேரைப் பார்த்தாள். பிறகு குழம்பு வழியும் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, நிதானமாகத் துழாவி, அடியிலிருந்து ஒரு வடுவை எடுத்து நறுக்கென்று கடித்தாள்.

"இப்ப எடுத்துண்டு போங்கோ அத்திம்பேர்" என்று பாட்டிலை நீட்டினேன்.