பூக்கடிகாரம்

கடிகாரம் வாசலில் மாட்டிக்கொண்டது. ஆள் உயரத்துக்கு வெள்ளைக் கார்னேஷன் பூக்களால் கட்டிய வட்டம். பூக்கடைக்காரர் ஒரு பக்கமும் அவருடைய மச்சான் மறுபக்கமும் பிடித்துக்கொண்டு, உள்ளே தள்ளவும் முடியாமல் வெளியே இழுக்கவும் முடியாமல் திண்டாடினார்கள்.

"சாய்ச்சுப் பிடிய்யா. இடது பக்கம்! பூவெல்லாம் உதிருது பாரு."

டொலோரஸ் சவப்பெட்டியின் அருகிலிருந்து எழுந்து வந்தாள். அந்த இறுதிச்சடங்கு விடுதியில் அப்பாவைப் பார்வைக்கு வைத்து அது இரண்டாம் நாள். நாளைக் காலை பூசை, அப்புறம் கல்லறை. நேற்று, அப்பா வேலை செய்த பேக்கரிக்காரர்கள் ரோஜா மாலை அனுப்பியிருந்தார்கள். இந்தக் கடிகாரத்தை அவள் யாரிடமும் கேட்கவில்லை.

அந்தத் தெருக்களில் பெரிய மனிதர்கள் செத்தால் பூக்கடிகாரம் வரும். உயிர் போன நேரத்தில் முள் இரண்டும் நிற்கும். அதற்காகக் கடைக்காரர் வீட்டுக்கு போன் போட்டு, தயங்கித் தயங்கி நேரம் கேட்பார். புரூக்ளினின் பதினெட்டாம் அவென்யூவில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

"இதுல மணி என்ன?" என்றாள்.

"பத்து பத்தும்மா."

"எங்கப்பா செத்தது காலைல அஞ்சு அம்பதுக்கு."

கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் பூவைப் பார்த்தார்.

"ஆர்டர் குடுத்தவர்கிட்ட ரெண்டு தடவை கேட்டேம்மா. ஏதோ ஒண்ணு வைய்யான்னுட்டார். கடிகாரக் கடையில எல்லாம் பத்து பத்துதானே வெச்சிருப்பாங்க? பார்க்கச் சிரிச்ச முகமா இருக்கும்னு..."

"சிரிச்ச முகமா."

"தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க."

அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன். குறுக்கே கட்டியிருந்த நாடாவில் தங்க எழுத்தில் 'எங்கள் சவேரியோவுக்கு, நண்பர்கள்' என்று இருந்தது. நண்பர்கள்! செத்தவன் எப்போது செத்தான் என்று கேட்க ஒரு போன் போடத் துப்பில்லாத நண்பர்கள். டொலோரஸுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஆனாலும் கடிகாரத்தை உள்ளே விட்டாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் வருகிறவர்கள் எப்படி வருவார்கள்?

சுவரோரம் நிறுத்தினார்கள். முதல் வரிசையில் கறுப்பு உடுப்பில் உட்கார்ந்திருந்த அம்மா மிக்கெலினா, ஜெபமாலையை உருட்டியபடி அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் இருபத்தொன்பது வருஷப் பழக்கம் அவளுக்கு.

சவேரியோ லோமுஷோ ரொட்டி வண்டி ஓட்டியவர். விடிவதற்கு முன் வண்டியை எடுத்து, கடை கடையாகப் போட்டுவிட்டு, ஏழு மணிக்கு வீடு வந்து காபியில் ரொட்டி முக்கித் தின்கிற மனிதர். எழுபத்தாறாம் வருஷம் அக்டோபரில் ஒருநாள் பாட்ஸி வந்து வண்டிச் சாவியைக் கேட்டார். ஒரு ராத்திரிக்கு மட்டும். பாட்ஸி கேட்டால் அந்தத் தெருவில் யார் இல்லையென்று சொல்வார்கள்? அவர் டான் ஆல்ஃபியோவின் வலது கை. அந்தக் காலத்தில் ஆல்ஃபியோ நடந்து போனால் நாவிதர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வருவார். கப்பல் துறை, சிமெண்டு, மீன் சந்தை எல்லாவற்றிலும் அவர்கள் கை. அவர்கள் கூடுகிற சங்கத்து வாசலில் நிற்கும் கார்களைத் துடைக்கவே இரண்டு ஆள். கொள்ளைக் கூட்டம் என்று பத்திரிகை எழுதியது. அவர்கள் தங்களைக் 'குடும்பம்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

வண்டி திரும்பி வந்தபோது தட்டுகளுக்கடியில் ரத்தம் இருந்தது. சவேரியோ தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பத்தாம் நாள் போலீஸ் வந்தது. ஒரு பேர் சொன்னால் போதும், அன்று மாலையே வீடு திரும்பலாம் என்றார்கள். அவர் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருஷம் உள்ளே இருந்தார்.

வெளியே வந்தபின் எந்தக் கதவையும் அவர் தானாகத் திறக்கவில்லை. குளிர்ப்பெட்டி முன்னால்கூட நின்று, "திறக்கலாமா?" என்பார். கடைசியில், செவ்வாய்க்கிழமை காலை சமையலறைக் கதவுக்கு வெளியே நின்று அதையே கேட்டார். "திறந்துட்டு வாயேன் சவேரியோ, யார்கிட்டக் கேக்கணும்?" என்று உள்ளேயிருந்து மிக்கெலினா சொன்னாள். கதவு திறக்கவில்லை. வெளியே அவர் விழுந்த சத்தம்தான் கேட்டது.

ஐந்து மணிக்கு பாட்ஸி வந்தார். எழுபத்தெட்டு வயது. ஒட்டக நிறக் கோட்டு, கையில் தொப்பி. கூடவே நான்கு கிழவர்கள். ஒருவர் ஆக்சிஜன் குழாயோடு, ஒருவர் நடைச்சட்டத்தோடு. வாசலில் நின்று பாட்ஸி எதிர்ச்சாரியை ஒரு தடவை, இன்னொரு தடவை பார்த்தார். முன்பெல்லாம் இப்படிச் சாவுக்கு எதிர்ச்சாரியில் அரசாங்கத்து வேன் நிற்கும். வருகிறவர், போகிறவர், கார் எண் எல்லாவற்றையும் படம் எடுப்பார்கள். இன்று அங்கே ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான்.

"ஒருத்தன்கூட வரலையாடா?" என்றார் ஆக்சிஜன் கிழவர்.

"நம்மளைப் படம் எடுத்து என்ன பண்ணப் போறான்? எக்ஸ்ரேதான் எடுக்கணும்" என்றார் நடைச்சட்டக்காரர்.

பாட்ஸி சிரிக்கவில்லை. உள்ளே வந்து, சவப்பெட்டி முன் மண்டியிட்டு, சிலுவை போட்டு, சவேரியோவின் நெற்றியில் முத்தமிட்டார். எழுந்து மிக்கெலினாவின் கையைப் பிடித்தார். அவள் கையைக் கொடுத்தாள். கன்னத்தைக் கொடுக்கவில்லை. ஜெபமாலையைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டாள். அப்புறம் கீழ்த்தளத்திலிருந்து சோம்பு மது கலந்த காபியை யாரோ கொண்டுவந்து கொடுக்க, கப்பைக் கையில் வைத்துக்கொண்டு டொலோரஸை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கண்ணு, நாளைக்குப் பெட்டியை நாங்க தூக்கறோம்."

"பேக்கரி ஆளுங்க ஆறு பேர் இருக்காங்க மாமா."

"அவங்க ரொட்டி தூக்கட்டும். இது எங்க கடமை. உங்கப்பன் யாருன்னு உனக்குத் தெரியுமா? இந்தப் பேட்டையிலேயே வாயைத் திறக்காத ஒரே ஆம்பளை. பத்திரிகைக்காரனுக்குச் சொல்லியிருக்கேன், கோயில் வாசலுக்கு வருவான். நம்ம ஆளுங்களைப் பத்தி இப்ப என்னென்னவோ பேசறாங்க. சவேரியோவைப் பார்த்தாவது தெரிஞ்சுக்கட்டும்."

என்னென்னவோ பேசுவதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் டான் ஆல்ஃபியோ தானே நீதிமன்றக் கூண்டில் ஏறினார். எண்பது வயதில் சிறைக்குப் போக அவருக்கு மனசில்லை. யாரிடம் வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்று ஊரையே மிரட்டி வைத்திருந்தாரோ, அந்த அரசாங்கத்திடமே ஒன்பது நாள் உட்கார்ந்து பெயர் பெயராகச் சொன்னார். சங்கத்தைப் பூட்டினார்கள். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். ஆல்ஃபியோ வேறு பெயரில், எங்கோ வெயிலடிக்கும் ஊரில், ஆரஞ்சு மரம் வைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறார். நாலாம் நாள் சாட்சியத்தில், போகிறபோக்கில் ஒரு வரி: அந்த ரொட்டி வண்டிக்காரனா, அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

அதைப் பத்திரிகையில் படித்த அன்று அப்பா அந்தப் பக்கத்தை நாலாக மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றார். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை அங்கேயே நின்றார்.

"உங்க முதலாளி பேசினாரே, அப்ப எங்க போயிருந்தீங்க?" என்றாள் டொலோரஸ்.

"அவன் பேரை இங்க எடுக்காத. அவன் நாய். அதுக்குத்தான் சொல்றேன், உங்கப்பன் விசுவாசி..."

"மாமா, அந்தக் கடிகாரத்தைப் பார்த்தீங்களா?"

பாட்ஸி பெருமையாகத் திரும்பினார். "நான்தான் சொல்லி அனுப்பினேன். பழைய முறைப்படி."

"மணி என்ன?"

"என்ன மணி?"

"அவர் எப்ப செத்தார்னு உங்களுக்குத் தெரியுமா?"

பாட்ஸி மற்ற நான்கு கிழவர்களைப் பார்த்தார். நடைச்சட்டக்காரர் காது கேளாதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"கடைக்காரன் விசாரிச்சிருக்கணும்" என்றார் பாட்ஸி.

இந்த ஆள் அப்பாவைச் சுமக்கப் போகிறாராம்! கோயில் வாசலில் படம் எடுத்துக்கொள்ளப் போகிறாராம்! நாளைக்குப் பத்திரிகையில் அப்பா அவர்களுடைய ஆளாகிவிடுவார். உயிரோடு இருந்தபோது இருபத்து மூன்று வருஷத்தைப் பிடுங்கினார்கள். இப்போது பிணத்தையும் கேட்கிறார்கள்.

அவருடைய கையிலிருந்த கப்பைப் பார்த்தாள். இதே மாதிரி ஒரு கப்.

பதினொரு வயது அவளுக்கு. பள்ளிக்குப் பின்னல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்குப் பின்வாசல் வழியாக பாட்ஸி வந்தார். அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து காபி குடித்தார். "ஓடாத, சவேரியோ. வீட்டுலயே இரு. ரெண்டு கேள்வி கேப்பாங்க, அனுப்பிடுவாங்க. எல்லாம் பேசியாச்சு" என்றார். எழுந்து போகும்போது டொலோரஸின் தலையில் கையை வைத்தார். "நல்ல பொண்ணு. ஸ்கூலுக்குப் பார்த்துப் போகணும், என்ன? காரெல்லாம் வேகமா வருது." சொன்னது அவளிடம். பார்த்தது அப்பாவை. அப்பா ரொட்டியைக் காபியிலேயே விட்டுவிட்டார், அது கரைந்து அடியில் போய்விட்டது.

பின்கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் முன்கதவைத் தட்டினார்கள். அம்மா அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "ரெண்டாவது கப்பைக் கழுவி வை." பாட்ஸி வந்துபோன அடையாளம் இல்லாமல் கழுவினாள். சுவர்க்கடிகாரத்தில் ஏழு இருபது. அப்பா, "பாலை இறக்காத, வந்துடறேன்" என்றபடி அவர்களோடு போனார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதன்பிறகு அம்மாவும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. வீட்டுக்குள்கூடப் பேசவில்லை.

"விசுவாசமா?" என்றாள் டொலோரஸ். குரல் உயர்ந்துவிட்டது. கூடத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். "எங்கப்பா உங்களுக்காகவா வாயை மூடினார்? எனக்காக மூடினார். என் தலையில நீங்க கை வெச்சீங்களே, அதுக்காக!"

"கண்ணு, மெதுவா. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். இருபத்தொன்பது வருஷமா மெதுவாத்தான் பேசறோம்."

"துக்கத்துல பேசற. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்று பாட்ஸி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பெரிய மனது! கப்பை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, முதல் வரிசைக்குப் போனார். "மிக்கெலினா, நீ சொல்லு. நாம ஒரே தெருவுல வளர்ந்தவங்க. உன் புருஷனை நாங்க தூக்க வேண்டாமா? சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

மிக்கெலினா ஜெபமாலையைக் கைப்பையில் போட்டு மூடினாள். எழுந்தாள். எல்லோரும் அவள் சவப்பெட்டியிடம் போகிறாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் சுவரோரம் போய்ப் பூக்கடிகாரத்தின் முன் நின்றாள். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டாள்.

முட்களைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அவள் நிதானமாகக் கம்பியை முறுக்கி அவிழ்த்தாள். கோட்டு தைப்பதில் காய்த்துப்போன விரல்கள் அவை, இருபத்து மூன்று வருஷம் தையல் ஆலையில் இருந்தவள். சின்ன முள்ளைக் கீழே இறக்கி, ஏழாம் எண்ணைக் கொஞ்சம் தாண்டி வைத்தாள். பெரிய முள்ளைச் சுற்றிக் கொண்டுவந்து நாலில் நிறுத்தி, கம்பியை இறுக்கினாள். இரண்டு பூ உதிர்ந்தன.

"ஐயோ, அவர் போனது ஆறு மணிக்கு முன்னாலயாச்சே?" என்று பின்வரிசையில் ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

மிக்கெலினா திரும்பி பாட்ஸியைப் பார்த்தாள்.

"பாட்ஸிக்கு நேரம் தெரியும்" என்றாள். "கேட்டுக்குங்க."

பாட்ஸி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை தொப்பியைத் தேடியது. அது தலையில் இல்லை, நாற்காலியில் இருந்தது. எடுத்துக்கொண்டார். ஆக்சிஜன் கிழவர், "என்னடா, என்ன ஆச்சு?" என்று கேட்டது காதில் விழவில்லை. வாசலில் கூட்டம் நின்றது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சவப்பெட்டிக்குப் பின்னால், பிணவண்டி வந்து நிற்கும் கதவைத் திறந்துகொண்டு போனார்.

மிக்கெலினா தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து, ஜெபமாலையை விட்ட மணியிலிருந்து தொடர்ந்தாள். பெண்கள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஜன்னல் விளிம்பில் பாட்ஸியின் கப் இருந்தது. பாதிக் காபி. டொலோரஸின் கை பழக்கத்தில் அதை எடுக்கப் போயிற்று. பிறகு கையை இழுத்துக்கொண்டாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்தான் அது இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.