வட்டத்தில் ஆறாவது ஆள்

நெஞ்சைப் பிளந்து, கெட்டுப்போன வால்வை வெட்டி எடுத்துவிட்டு, உலோகத்தில் ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பிப் பத்து வாரம் ஆகிறது. சான் மியாவுக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. வீட்டில் சத்தம் இல்லாத நேரத்தில் அது டிக் டிக் என்று கேட்கிறது. புதுசு என்றார்கள். எவன் கண்டான்? முப்பத்தைந்து வருஷம் மாண்டலே தெருக்களில் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர் அவர். பழைய சக்கரத்துக்கு வண்ணம் அடித்துப் புதுசு என்று தலையில் கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண் நல்லவள்தான். ஆனால் அவள் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

"தினமும் நடக்கணும் பெரியப்பா. பேசிக்கிட்டே நடக்கணும். பேச்சு தடங்காம வந்தா வேகம் சரின்னு அர்த்தம். தடங்கிச்சுன்னா மெதுவாப் போங்க, இல்லே நின்னுடுங்க."

"நடக்கிறது காலு. வாய் எதுக்கு?"

"வாய்தான் உங்க மீட்டர்."

"என் வண்டிக்கு மீட்டரே கிடையாதும்மா. ஆளப் பாத்துத்தான் வேகம்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. வாஸோ மாதத் திருவிழாவில் சின்லோன் ஆடலாமா, கூடாதா?

மூங்கில் வீட்டுச் சுவர் மாதிரி முடைந்த பிரம்புப் பந்து அது. ஆறு பேர் வட்டமாக நடந்துகொண்டே அதைக் காலால் தட்டிக் கீழே விழாமல் வைத்திருக்க வேண்டும். ஒருவர் நடுவில் நின்று வித்தை காட்டுவார், மற்ற ஐந்து பேர் அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பார்கள். ஜெயிப்பவனும் இல்லை, தோற்பவனும் இல்லை. இருபத்தெட்டு வருஷம் தன் பேட்டை அணியில் நடுவில் நின்றவர் சான் மியா. பிடரிக்குப் பின்னால் குதிகாலைத் தூக்கிப் பந்தைத் தட்டும்போது மேளக்காரன் தனியாக ஒரு அடி போடுவான்.

"மூணு மாசம் முடியட்டும்," என்றாள் அந்தப் பெண். "வட்டத்துல மெதுவா நடக்கிற வரைக்கும் பாக்கலாம். நடுவுல நிக்கிறது, குதிக்கிறது, அதெல்லாம் கூடவே கூடாது. நீங்க போடற மாத்திரைக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது. விழுந்தீங்கன்னா ஆபத்து."

வட்டம் போதும் என்று நினைத்துக்கொண்டார். வட்டத்தில் ஒரு இடம். அணியின் ஆறு பேர் யார் என்று எழுதிக் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. எழுதிக் கொடுப்பவன் போ லூன். அணித் தலைவன், இளவயதுச் சிநேகிதன். ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தபோது ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவன்.

எங்கே நடப்பது? தெருவில் மோட்டார் சைக்கிள் ஆளைத் தள்ளிவிட்டுப் போகும். பேட்டைப் புத்தர் கோயிலான பகோடாவின் மேல்தளம் சமதரை, கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வரச் சொன்னாள் மகள் நிலார். காலையில் போனால் பேட்டை முழுக்க அங்கேதான் இருக்கும். "எப்படி இருக்கே?" என்று நூறு பேர் கேட்பார்கள், பதில் சொல்வதற்குள் சட்டைப் பொத்தான் இடுக்கில் தழும்பைப் பார்ப்பார்கள். அதனால் பதினோரு மணிக்குமேல் போனார்.

தளத்தில் ஈ காக்கை இல்லை. ஏன் இல்லை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு ஏறுகிற இடம். வெள்ளைக் கல் சூடேறாது, சிவப்புக் கல் சுடும். வெள்ளைக் கல் ஓரமாகவே சுற்றிவிடலாம் என்று கிளம்பினார். தெற்கு மூலையில் திரும்பினால், பழைய வெள்ளைக் கல்லைப் பெயர்த்துவிட்டு யாரோ புண்ணியவான் தன் பெயரைப் பொறித்துச் சிவப்புக் கல் பதித்து வைத்திருந்தான். நாலு எட்டு வைத்ததும் உள்ளங்கால் பொரிந்தது. திரும்பினாலும் அதே தூரம், போனாலும் அதே தூரம். ஓடினார். பத்து வாரமாக எண்ணி எண்ணி அடி வைத்த மனிதர் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். நெஞ்சுக்குள் டிக் டிக் என்பது டிடிடிடி என்று ஆனது. கழன்றுவிட்டது என்றே நினைத்தார்.

மண்டப நிழலில் போய் விழுந்தார். தூணைப் பிடித்தபடி வாயைத் திறந்து மூச்சை இழுத்தார்.

"என்னடா, தீ மிதிக்கிறியா?"

மண்டபத்தில் பாய் விரித்துப் பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு ஆள் எழுந்து உட்கார்ந்திருந்தான். போ லூன்தான். கன்னத்தில் பாயின் கோடு.

சான் மியாவுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. போ லூன் குடத்திலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, டிக் டிக் அடங்கும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"வெளிய கேக்குதே," என்றான்.

"உனக்கென்ன? ஆஸ்பத்திரிப் பக்கம் வராதவனுக்கு எது கேட்டா என்ன?"

"ரெண்டு தடவ வந்தேன். எந்த ஆளையும் உள்ள விடாதேன்னு நீதான் சொன்னியாம். உன் பொண்ணு வாசல்லயே நிறுத்திட்டா. வாங்கிட்டு வந்த ஆரஞ்ச நானே தின்னுட்டுப் போனேன்."

சொன்னது உண்மைதான். குழாய் செருகிக் கிடக்கிற கோலத்தை ஒருத்தரும் பார்க்க வேண்டாம் என்று அவர்தான் நிலாரிடம் சொல்லியிருந்தார். போ லூனும் அந்த ஒருத்தரில் சேர்த்தி என்று அப்போது தோன்றவில்லை.

"உன் எடத்துல தவுங் ஞுன்ட வச்சு ஆடறோம்," என்றான் போ லூன். "ஒளிச்சு வச்சா நாளைக்கு வேற யாராச்சும் சொல்லுவாங்க."

"அந்த வெத்திலக் கடைக்காரனா? அவன் காலு வாத்துக் காலு."

"வாத்து ஓடுது. நீ ஓடுவியா?"

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் நடந்தார்கள். தளத்தில் இல்லை, கீழே வாசலிலிருந்து மேலே வரும் தூண் வரிசை வைத்துக் கூரை போட்ட நடைபாதையில். இரண்டு பக்கமும் பூக்கடை, மணிமாலைக் கடை. படிகள் கிடையாது, லேசான ஏற்றம்தான், தரை ஜில்லென்று இருக்கும். பேசிக்கொண்டு நடக்க வேண்டும் என்ற சட்டத்தைச் சான் மியா சொன்னபோது போ லூன் யோசித்தான்.

"நீ எப்படா பேசியிருக்கே? சவாரி ஏறினவங்கிட்டகூட எங்கன்னு கேக்க மாட்டே."

"அதான் உன்னக் கூட்டிட்டு வந்திருக்கேன். சண்டை போடணும்னா எனக்குப் பேச்சு வரும்."

அப்படியே நடந்தது. முப்பது வருஷத்துச் சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சகாயிங் ஊர் ஆட்டத்தில் யார் பந்தைத் தவறவிட்டது, யார் கல்யாணத்துக்கு யார் வரவில்லை. முதல் நாள் ஆறாவது தூணில், "நீதான்டா அன்னிக்கு..." என்று தொடங்கி மீதி வரவில்லை. நின்றார். நான்கு நாள் கழித்து ஒன்பதாவது தூண். அடுத்த நாள் மறுபடி ஏழு. ஏன் குறைந்தது என்று தெரியவில்லை. கால் கனத்தது, மாவு மூட்டையைக் கட்டி இழுக்கிற மாதிரி. வீட்டுக்குப் போனதும் படுத்துவிடுவார். சாப்பாட்டுக்கு எழுப்பினால் நிலாரிடம் எரிந்து விழுவார். வண்டி மிதித்த காலத்தில் இரண்டு தடித்த வியாபாரிகளையும் அவர்கள் மூட்டையையும் சேர்த்து இழுத்த கால் இது. பூக்கடைக்காரிகள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. வெட்கப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வாரக் கடைசியில் மேல்வாசல் வரைக்கும் போய்விட்டார். ஆஸ்பத்திரிப் பெண் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "வட்டத்துல நடந்து பாருங்க. அஞ்சு நிமிஷம். பேச்சை விட்டுடாதீங்க," என்றாள்.

சாயங்காலம் திடலில் ஆறு பேர் நின்றார்கள். தவுங் ஞுன்ட் எச்சிலைத் துப்பிவிட்டு ஒதுங்கினான். "வாங்கண்ணே. உங்க எடத்த துடைச்சு வச்சிருக்கேன்." குத்தலா, மரியாதையா என்று சான் மியாவுக்குப் பிடிபடவில்லை. ஆறாவது ஆளாக வட்டத்துக்குள் போய் நின்றார்.

பந்து கிளம்பியது. பிரம்பு காலில் பட்டதும் அந்த டப் என்ற சத்தம். உடம்பு எதையும் மறக்கவில்லை. பாதத்தின் உள்பக்கத்தில் வாங்கி, முட்டிக்கு ஏற்றி, நடுவில் நின்றவனுக்கு இலேசாகக் கொடுத்தார். நடந்துகொண்டே இருந்தார்.

"நேத்து என்னடா சாப்பிட்டே?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டான் போ லூன்.

"மொகிங்கா. வாழத்தண்டு போட்டது."

"கூட யாரு?"

"உன் பாட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது நிமிஷம், மூன்றாவது நிமிஷம். பந்து இரண்டு தடவை அவரிடம் வந்தது, இரண்டு தடவையும் சரியாகப் போனது. அப்புறம் டிக் டிக் காதுக்குள் ஏறியது. ஆமா, இல்லே என்று ஒற்றைச் சொல்லாகப் பதில் சொன்னார். போ லூன் விடவில்லை.

"சகாயிங் ஆட்டத்துல என்ன ஆச்சு? விவரமாச் சொல்லு."

"நீதான்... விட்டே."

"எப்படி விட்டேன்?"

வட்டம் கால்வாசி சுற்றியது. போ லூன் இப்போது சிரிக்கவில்லை.

"நாளைக்குப் பேர் குடுக்கணும். உன் பேர எழுதவா?"

எழுது என்று சொல்ல வேண்டும். மூன்றே எழுத்து. பத்து வாரமும் அதற்கு மேல் மூன்று வாரமும் அவர் இந்தக் கேள்விக்காகத்தான் நடந்தார். வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. தலையாட்டிவிடலாம். மேலும் கீழும் ஆட்டினால் எழுதிவிடுவான், சிநேகிதன்தானே. திருவிழாவில் அரைமணி நேரம் ஆடுவார்கள். ஐந்தாவது நிமிஷத்துக்கு மேல் தன்னால் பந்து கீழே விழும், ஆறு பேருக்கும் விழும்.

பந்து அவரிடம் வந்தது. சரியாகத் தட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்.

போ லூன் பந்தைக் கையால் பிடித்தான். ஆட்டம் நின்றது. தவுங் ஞுன்ட் வந்து அவர் இருந்த இடத்தில் நின்றான்.

சான் மியா திடல் ஓரத்து மரப்பலகையில் போய் உட்கார்ந்தார். மூச்சு திரும்பி வர வெகுநேரம் பிடித்தது. வந்ததும் தவுங் ஞுன்டைப் பார்த்துக் கத்தினார்.

"வாத்துக் காலா, முட்டிய உள்ள மடக்குடா! பந்த அதட்டாதே!"

"சரிண்ணே!"

ஆட்டம் முடிந்து போ லூன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இப்ப நல்லாப் பேசறே."

"உக்காந்திருக்கேன்ல."

"நாளைக்கு எத்தன மணிக்கு?"

சான் மியா காலைப் பார்த்தார். உள்ளங்காலில் அன்றைக்குப் பொரிந்த இடம் தோல் உரிந்து வெளுத்திருந்தது.

"காலையில ஆறு மணி. மேல்தளத்துல."

"ஊரே இருக்குமேடா அங்க. எப்படி இருக்கே எப்படி இருக்கேன்னு உயிர எடுப்பாங்க."

"கேக்கட்டும்," என்றார். "பதில் சொல்லிக்கிட்டே நடக்கறேன்."

எழுந்திருக்கக் கையை நீட்டினார். போ லூன் பிடித்துத் தூக்கிவிட்டான். வீடு நாலு சந்து தள்ளி. மூன்றாவது சந்தில் ஒரு தடவை நின்றார்.