லிஜின் அனுப்பிய ஒரு ஜி.பி.

"இந்தக் கரையில கல்லெடுத்து எறிஞ்சா ஏதாவது ஒரு லிஜின் தலையிலதான்ட்டி விழும்! மோதிரத்துல பேரு கெடந்தா அது உனக்க மாப்பிள்ளையாயிருமா?" கிரேசி கத்திய கத்தலுக்கு இராஜாக்கமங்கலம் கடற்கரையில் வலை உலர்த்தியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்காதவர்களுக்கு நாங்கள் சொன்னோம்.

"எம்மா, செருப்பும் கெடந்தே. பிள்ளைச் செருப்பு. தொட்டா சூடா இருக்கு," என்றாள் டெல்சி.

"தூத்து வாரிட்டு வாயப் பொத்திட்டு இரி. கோயில்ல ரெண்டு கல்யாண ஓலை வாசிச்சாச்சு!"

டெல்சியின் லேப்டாப்பிலிருந்து மணல் கொட்டத் தொடங்கி அன்றைக்குப் பன்னிரண்டு நாள். 2009 தை மாதம். துபாய் மாப்பிள்ளை லிஜின், பேசிப் பழக என்று அனுப்பிய லேப்டாப் அது. பேச உட்கார்ந்தால் அவன் முகம் வாய் பிளந்தபடி நின்றுவிடும். மெமரி போதாது என்றார்கள். லீவில் வந்த ஒருவரிடம் பால்பொடி டப்பாவோடு ஒரு ஜி.பி. மெமரி கொடுத்தனுப்பினான், புத்தம் புதுசு என்று. ஜங்ஷனில் கடை வைத்திருக்கும் கபிரியேல் அடி மூடியைத் திருகிக் கழற்றினான். பழையதை எடுத்தான், புதியதை அழுத்தினான். "புதுசுக்குத் தகட்டுப் பல்லுல கீறல் வராதே," என்று மட்டும் முனகினான். வீடு போய்ச் சேருவதற்குள் காற்றாடி ஓட்டை வழியாகச் சிவந்த மணல் ஒழுகியது. திரும்பக் கொண்டுபோய் மெமரியைக் கழற்றியும் நிற்கவில்லை. கொத்தனார் நுள்ளிப் பார்த்துப் பூச்சுக்கு ஆகாது என்றுவிட்டார். டெல்சியின் அப்பா மத்தியாஸ் தினம் இரண்டு பனையோலைக் குட்டை மணல் வாரித் தென்னை மூட்டில் தட்டினார்.

மணலோடு மணலாக முதலில் செருப்பு வந்தது, பிறகு மோதிரம். உள்வளையத்தில் 'லிஜின் 2004'. டெல்சி அதையும் சகித்திருப்பாள். வெள்ளிக்கிழமை உச்சியில் குளித்துவிட்டு வந்தவள் மேசை மணலில் காலடிகளைக் கண்டாள்: ஒரு பெண்ணுடையது, ஒரு குழந்தையுடையது. இரண்டும் லேப்டாப்பிலிருந்து மேசை விளிம்புவரை வந்து, அப்படியே உள்ளே திரும்பியிருந்தன. இன்னும் ஒரு ஓலைதான் பாக்கி. அதையும் வாசித்துவிட்டால் அடுத்து அந்தப் பெண் இருக்கும் இடத்துக்குப் போகவேண்டியவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்றார். அறிவிப்பவர்கள் பின்வாசல் வழியாகப் போய்க் காதில் சொல்வதுதான் ஊர் வழக்கம். கல்யாணப் பெண்ணே பூசை நடுவில் எழுந்து நின்றதை நாங்கள் அதுவரை கண்டதில்லை. கிரேசி மகள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், கிழிந்தது.

"சாமி, தடை உண்டு. அவருக்குப் பெண்டாட்டி இருக்கு, பிள்ளையும் இருக்கு. எனக்கப் பெட்டிக்குள்ள நிக்குதுவ."

சிரித்தவர்கள் உண்டு. மோதிரம் கைமாறிக் கைமாறி லிஜினின் அம்மாவிடம் வந்ததும் அந்த அம்மாள் மயங்கி விழுந்தாள். சிரிப்பும் நின்றது.

செவ்வாய்க்கிழமை பகலில் ஒரு பெண்ணும் நாலு வயதுப் பையனும், புருவமெல்லாம் மணலோடு, அந்த மேசையருகே நின்றார்கள். பெயர் ஷிபா, மார்த்தாண்டத்துக்காரி. லிஜின் துபாயில் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவானாம். கிரேசி "சோறு தின்னியா மக்கா?" என்று கேட்டுவிட்டுச் சாளைக் கறியைச் சூடாக்கப் போனாள்.

லிஜின் வீட்டார் மாசியில் பெரிய நோன்பு தொடங்குவதற்கு முன்பே தூத்துக்குடிக்குப் போய்விட்டார்கள். ஷிபா நெய்யூரில் தையல்கடை வைத்து, மகனோடு அங்கேயே இருந்துகொண்டாள். டெல்சி 2013-இல் குளச்சல் ததேயுஸைக் கட்டினாள். அவன் கப்பலுக்கும் போனதில்லை, துபாய்க்கும் போனதில்லை. பஸ் ஓட்டுகிறான், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான்.